மழைக்கு முன்னால் ஓடு மாற்ற எத்தனை பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்?

கடிதம் எழுதிய ஆச்சிக்கு 62 வயது. கணவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. மகன் சிங்கப்பூரில், மகள் கோயம்புத்தூரில். சென்னை வாடகை ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டு, இனி ஊரில் கணவர் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று ஆடி முடிந்ததும் தேவகோட்டைப் பக்கம் வந்துவிட்டார். கணவரின் ஐயா (அப்பாவின் அப்பா) பர்மாவில் லேவாதேவி செய்த காலத்தில் கட்டிய வீடு அது. போன கார்த்திகை மழையில் வளவின் (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) வடகிழக்கு மூலையில், இரண்டு பக்கத்து ஓட்டுச் சாய்ப்பும் சேரும் இடத்தில் ஒழுகியிருக்கிறது. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் நான்கு குண்டான் வைத்துத் தண்ணீர் பிடித்தாராம். இப்போது ஏணி வைத்து ஏறிப் பார்த்தால் இரண்டு கைமரம் உளுத்திருக்கிறது. கரையான் உத்தரத்தை நோக்கிப் போகிறது. கீழே சுவரில் சுண்ணாம்புப் பூச்சு பொரிந்து உதிர்கிறது. கொத்தனார் 1,80,000 ரூபாய் ஆகும் என்கிறார்.

வீட்டில் பங்கு ஆறு என்று எழுதியிருக்கிறார். இவர் குடும்பம் ஒன்று, கொழுந்தனார்கள் இருவர், சின்ன மாமனாரின் பிள்ளைகள் மூவர். மலேசியாவில் இருக்கும் கொழுந்தனார், "செய்யுங்கள், என்னால் முடிந்ததைத் தருகிறேன்" என்கிறார். சென்னையில் இருக்கும் கொழுந்தனார், "பாகம் பிரிக்காமல் ஒரு ஓட்டைத் தொட்டாலும் ஸ்டே வாங்குவேன்" என்று போனில் சொல்லியிருக்கிறார். மாமனாரும் அவர் தம்பியும் 1961-ல் எழுதிக்கொண்ட பதிவு செய்யாத சீட்டு ஒன்று இருக்கிறது. அதன்படி வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஆளுக்கு இத்தனை என்று பிரிந்திருக்கின்றன. முகப்பும் வளவும் பொது. சென்னைக் கொழுந்தனார் அறையில் பூட்டுத் தொங்குகிறது, ஒழுக்கு அந்த அறைக்குள்ளும் இறங்குகிறது.

அப்புறம் ஆளாளுக்கு ஒரு யோசனை. ஓட்டை எடுத்துவிட்டுத் தகரம் போடு என்கிறார் ஒருவர். பின்கட்டில் சும்மா கிடக்கும் தேக்குத் தூண் நான்கையும் நிலைக்கதவையும் காரைக்குடிக் கடையில் விற்றுச் செலவைச் சமாளி என்கிறார் இன்னொருவர். நீயே பழுது பார்த்து, வரி கட்டி, 12 வருடம் குடியிருந்தால் வீடு உன்னுடையது என்கிறார் மூன்றாமவர். ஆச்சியின் கேள்வி இது: "விதவைக்கு இந்த வீட்டில் எவ்வளவு பாத்தியதை? எல்லாரும் கையெழுத்துப் போடாமல் நான் ஓடு மாற்றலாமா? பிள்ளையார் நோன்புக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். வளவில் உட்கார்ந்து இழை எடுக்க முடியுமா?" (இழை எடுப்பது என்றால் மாவில் ஏற்றிய திரியை விழுங்கும் நோன்புச் சடங்கு.)

ஆச்சி,

முதலில் ஒன்றைச் செய்துவிடுங்கள். அந்த மூலைக்குக் கீழே யாரும் படுக்க வேண்டாம், நடமாட வேண்டாம். சாமான்களை இந்தப் பக்கம் நகர்த்திவிட்டு ஒரு கயிறு கட்டுங்கள். ஈரச் சுவரில் ஓடும் பழைய ஒயரிங் இணைப்பை எலக்ட்ரீஷியனை வைத்துத் துண்டியுங்கள். மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்சை மெயினில் போடச் சொல்லுங்கள். இதற்கு யார் சம்மதமும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. ஒன்று பாகப்பிரிவினை, இன்னொன்று ஒழுகும் கூரை. சென்னையில் இருப்பவர் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போடுகிறார், நீங்களும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு பயப்படுகிறீர்கள். பாகம் பிரிய வருடக்கணக்கில் ஆகலாம். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் இறங்கிவிடும். நான் பார்த்த ஒரு வழக்கில் பங்குகளை நிர்ணயித்து முதல்நிலைத் தீர்ப்பு வந்தபோது வளவின் கூரை இருந்தது. இறுதித் தீர்ப்பு வந்தபோது முகப்புச் சுவரும் கிணறும்தான் நின்றன. அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பாகம் பிரியட்டும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள், அவ்வளவுதான். அந்த முற்றத்தில் நின்றது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன்.

உங்கள் பாத்தியதை

கணவர் இல்லாததால் மகன் தயவில் இருக்கிற இடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாமல் ஒருவர் காலமானால், அவர் பங்குக்கு மனைவி, மகன், மகள், தாயார் எல்லாரும் முதல் வகை வாரிசுகள். உங்கள் மாமியார் முன்பே காலமாகிவிட்டதால் நீங்களும் இரண்டு பிள்ளைகளும் சமமாக எடுப்பீர்கள். சொத்து பூர்வீகமா, சுயார்ஜிதமா (சொந்தச் சம்பாத்தியமா) என்பதைப் பொறுத்து உங்கள் பங்கின் அளவு கூடும், குறையும். ஆனால் வருகிற பங்கு முழுக்க உங்களுடையது. அந்தச் சட்டத்தின் 14-ம் பிரிவு அதை ஆயுள் வரைக்கும் என்று வைக்காமல் முழு உரிமையாகத் தருகிறது. உங்கள் பிள்ளைகள் இருவரிடமும் "அம்மா செய்யும் பழுதுக்குச் சம்மதம்" என்று ஒரு வரி எழுதி வாங்கி வையுங்கள், போதும்.

பங்கு ஆறு என்ற கணக்கும் தவறு. உங்களுக்கு நாத்தனார் இருவர் இருக்கிறார்கள் என்று கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சொல்கிறீர்கள். அவர்களும் மாமனாரின் வாரிசுகள். குடியிருக்கும் வீட்டில் ஆண் பிள்ளைகள் பிரிக்காதவரை பெண்கள் பாகம் கேட்க முடியாது என்று முன்பு ஒரு தடை இருந்தது. 2005-ம் வருடத் திருத்தத்தில் அது போய்விட்டது. ஆகவே எட்டு என்று எண்ணுங்கள். மகள்களுக்கு முறையெல்லாம் செய்தாகிவிட்டது, பங்கு இல்லை என்று வீட்டில் பேசிக்கொள்வது சட்டத்தில் நிற்காது. இன்னொன்றும் மனதில் படுகிறது. அவர்கள் பிறந்த வீடு அது. கேட்டால் உங்கள் பக்கம் நிற்கக்கூடியவர்களை நீங்கள் கேட்கவே இல்லை.

பழுது வேறு, மாற்றம் வேறு

கூட்டுச் சொத்தில் ஒவ்வொரு பங்குதாரருக்கும் முழுச் சொத்திலும் உரிமை உண்டு, இந்த மூலை இவருக்கு என்று பிரியும் வரைக்கும். சொத்து அழியாமல் காக்கிற பழுதை, மற்றவர் அனுபவத்துக்கு இடைஞ்சல் இல்லாமல், ஒரு பங்குதாரர் தானே செய்யலாம். அதற்கு எட்டுப் பேர் கையெழுத்தும் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சொத்தின் உருவத்தை மாற்றினாலோ, ஒரு பகுதியை இடித்தாலோ, புதிதாகக் கட்டினாலோ மற்றவர் தடை கேட்கலாம், கோர்ட்டும் கொடுக்கும்.

அதனால்தான் தகர யோசனை வேண்டாம் என்கிறேன். உடைந்த ஓட்டுக்கு அதே மாதிரி ஓடு, உளுத்த கைமரத்துக்கு அதே அளவில் மரம், மூலையில் தண்ணீர் இறங்கும் தகரம் துருப்பிடித்திருந்தால் அதற்குப் பதில் புதுத் தகரம். இது பழுது. ஓட்டை முழுக்க எடுத்துவிட்டுத் தகரக் கூரையோ காங்கிரீட்டோ போட்டால் அது மாற்றம். அதைக் காட்டி ஸ்டே வாங்குவது கொழுந்தனாருக்குச் சுலபமாகிவிடும். சுவர் விஷயத்திலும் இதே கதைதான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, இரண்டு மழைக்குள் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும், உப்பும் பூக்கும். பழைய வீடு பார்க்கும் எந்தக் கொத்தனாரும் இதைச் சொல்வார். ஈரச் சுவரில் இப்போது எந்தப் பூச்சும் வேண்டாம். மழைக்கு முன் ஓடும் மரமும் கரையான் மருந்தும் முற்றத்து ஜலதாரை அடைப்பு எடுப்பதும் மட்டும். சுவர் பனிக்காலம் முழுக்கக் காயட்டும். மாசி வெயிலில் சுண்ணாம்பு பூசலாம். கொத்தனாரிடம் கணக்கை இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். இப்போதைக்குக் கையில் வேண்டியது 1,80,000-க்கும் குறைவாகத்தான் இருக்கும்.

தேக்குத் தூண் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். பின்கட்டில் சும்மா கிடந்தாலும் அது எட்டுப் பேர் சொத்து. ஒருவர் விற்றால் சிவில் வழக்கோடு நிற்காது, நம்பிக்கை மோசடி என்று போலீஸ் புகாரும் வரலாம். இதுவரை உங்கள் பக்கம் இருக்கிற நியாயம் முழுக்க அன்றைக்கே கரைந்துவிடும். கட்டடத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு நூறு வயது ஆகியிருந்தால் 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும். பர்மா காலத்து வீட்டில் எந்தப் பொருள் நூறைத் தொட்டது, எது தொடவில்லை என்று நீங்களா நிரூபித்துக்கொண்டிருப்பீர்கள்?

அனுமதி கேட்காதீர்கள், தெரிவியுங்கள்

"ஓடு மாற்றட்டுமா?" என்று நீங்கள் போனில் கேட்டதால்தான் "கூடாது" என்று பதில் வந்தது. இனி எழுத்தில் தெரிவியுங்கள். நாத்தனார்களையும் சேர்த்து எல்லாருக்கும் ஒரே கடிதம். என்ன பழுது, போட்டோ, கொத்தனார் கொடுத்த கணக்கு, எந்தத் தேதியில் வேலை தொடங்குகிறீர்கள் என்பது இருக்க வேண்டும். வீட்டின் அமைப்பு மாறாது, இந்தச் செலவால் எனக்குத் தனி உரிமை எதுவும் கேட்கவில்லை, கணக்கு எல்லாருக்கும் வரும் என்று மூன்று வாக்கியம் கட்டாயம் இருக்கட்டும். ஆட்சேபம் இருந்தால் பத்து நாளுக்குள் காரணத்தோடும் மாற்று யோசனையோடும் எழுதச் சொல்லுங்கள். ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். மலேசியாவுக்கு வாட்ஸ்அப்பும் போதும், ஆனால் அந்த போனை மாற்றாதீர்கள், மெசேஜை அழிக்காதீர்கள். அவரிடம் பவர் பத்திரம் கேட்டிருக்கிறீர்கள். வெறும் பழுதுக்கு அது தேவையே இல்லை, சம்மதம் சொல்லும் மெயில் ஒன்று போதும்.

கடிதத்தில் இன்னொரு பத்தியும் சேருங்கள். அந்த மூலையின் வெளிச்சுவர் சந்துப் பக்கம் இருக்கிறது என்கிறீர்கள். அது சரிந்து யார் மீதாவது விழுந்தால் நஷ்ட ஈடு கேட்டு வரும் வழக்கு உங்களோடு நிற்காது. எட்டுப் பேரும் உரிமையாளர்கள், சென்னையில் இருப்பவரும் பதில் சொல்லியாக வேண்டும். பல பேரை இறங்கிவர வைக்கும் பத்தி இதுதான் என்பது என் அனுபவம். மிரட்டலாக எழுதாமல், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

வேலை தொடங்கும் முன் ஒரு சிவில் இன்ஜினியரை அழைத்து, பழுதை அளந்து, தேதியோடு அறிக்கை வாங்கிவிடுங்கள். "ஆச்சி நல்ல கூரையைப் பிரித்துவிட்டார்" என்று நாளைக்கு யாராவது சொன்னால் அதற்குப் பதில் அந்தக் காகிதம்தான்.

பூட்டிய அறை

அதைத் திறக்காதீர்கள். கொழுந்தனார் நல்லதுக்குத்தானே என்று நினைப்பார் என்று நம்பி யாரையும் பூட்டை உடைக்கச் சொல்லாதீர்கள். அந்த அறைக்குள் அவர் மனைவியின் சீர்ச் சாமான் இருக்கும். பித்தளை அண்டா, எவர்சில்வர் அடுக்கு, மரப் பெட்டி. ஒரு கிண்ணம் குறைந்தது என்றால்கூட மழை, ஒழுக்கு எல்லாம் மறந்துபோய் அதுவே வழக்காகிவிடும். மேலே ஓட்டை மாற்ற உள்ளே போக வேண்டியதில்லை, கூரை மேலிருந்தே செய்யலாம். உள்ளே போய்த்தான் கைமரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்று கொத்தனார் சொன்னால், சாவி அனுப்பச் சொல்லியோ நேரில் வரச் சொல்லியோ தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். சாவி வந்தால் எல்லாச் சாமானையும் வீடியோ எடுத்துவிட்டு, வெளியாள் இருவர் முன்னிலையில் திறங்கள். வராவிட்டால் அந்த அறைக்குள் என்ன கெட்டாலும் பொறுப்பு உங்களுடையதில்லை என்று எழுத்தில் இருக்கும்.

ஸ்டே வாங்கிவிடுவாரோ?

இந்தப் பயத்துக்கு ஒரு மருந்து இருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 148ஏ பிரிவில் கேவியட் மனு போடலாம். அவர் வழக்குப் போட வாய்ப்புள்ள கோர்ட்டில் அதை முன்கூட்டியே தாக்கல் செய்துவிட்டால், உங்களுக்குத் தெரிவித்து உங்கள் தரப்பைக் கேட்காமல் ஸ்டே கொடுக்க மாட்டார்கள். அதன் ஆயுள் 90 நாள். இப்போது, புரட்டாசி நடுவில் போட்டால் மார்கழிப் பாதி வரை தாங்கும். அதற்குள் ஓட்டு வேலை முடிந்துவிடும். கேவியட் போட்டது அவருக்கும் நோட்டீஸாகப் போகும், அதனால் கோபப்படுவார். கோபப்பட்டாலும் பரவாயில்லை என்று உங்கள் இடத்தில் நான் இருந்தால் போட்டுவிடுவேன்.

அவர் ஆளை வைத்து வேலையை மறித்தால் மட்டும் நீங்கள் கோர்ட்டுக்குப் போங்கள். உள்ளதை உள்ளபடி பதிவு செய்ய வக்கீல் கமிஷனரை அனுப்பவும், உங்கள் செலவில் பழுது பார்க்க அனுமதிக்கவும் கேட்கலாம். அதற்கு முன் சட்டப் பணிகள் ஆணைக்குழு பக்கம் போய் வாருங்கள். பெண்களுக்கு வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். லோக் அதாலத்தில் உடன்பாடு எழுதினால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம்.

பாகப்பிரிவினை வழக்கை நீங்களாகத் தொடங்குவதை மட்டும் நன்றாக யோசியுங்கள். வளவை எட்டாகப் பிரிக்க முடியாது. நியாயமாகப் பிரிக்க முடியாத சொத்தை விற்றுப் பணமாகக் கொடுக்கச் சொல்ல, பாதிக்குக் குறையாத பங்கு வைத்திருப்பவர்கள் கேட்டால், 1893-ம் வருடப் பாகப்பிரிவினைச் சட்டப்படி கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. மற்றவர்கள் மதிப்புப் போட்டு அந்தப் பங்கை வாங்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது, ஆனால் அதற்குக் கையில் பணம் வேண்டும். இருக்கப் போன வீடு ஏலத்துக்குப் போகிற நிலைமையை நீங்களே வரவழைத்துக்கொள்ள வேண்டாம்.

போட்ட பணம், பன்னிரண்டு வருடம்

ஒரு பங்குதாரர் குடியிருந்தால் எல்லாருக்காகவும் குடியிருப்பதாகத்தான் சட்டம் பார்க்கும். மற்றவர் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அவர்களுக்குத் தெரிய வெளியே நிறுத்தி, அதன் பிறகு 12 வருடம் கடந்தால்தான் வீடு உங்களுடையது என்ற பேச்சே வரும். வரி ரசீதும் ஓட்டு பில்லும் அதைக் கொண்டுவராது. இதை உங்களுக்கு ஆசை காட்டியவர் தவறாகச் சொன்னார். சென்னைக் கொழுந்தனாரின் பயமும் பெரும்பாலும் இதே தவறான கணக்கிலிருந்துதான் வருகிறது என்று தோன்றுகிறது. "தனி உரிமை கேட்கவில்லை" என்ற வாக்கியத்தைக் கடிதத்தில் நான் கேட்டது அவருக்காகத்தான்.

பணம் திரும்புமா என்றால், உடனே எதிர்பார்க்காதீர்கள். பாகம் பிரியும்போது அவசியப் பழுதுக்குப் போட்ட செலவைக் கணக்கில் எடுத்துச் சரிக்கட்டும்படி கேட்கலாம். தனியாகப் பணத்துக்கு வழக்குப் போடுவதானால் பொதுவாக மூன்று வருடம்தான் கெடு. இரண்டுக்கும் பில் வேண்டும். கொத்தனார் கூலிக்கு வவுச்சர், மரக்கடை ரசீது, முடிந்தவரை பேங்க் வழியாகப் பணம். ஒரு நோட்டு போட்டு மாதம் ஒருமுறை எல்லாருக்கும் படம் எடுத்து அனுப்புங்கள். மரியாதைக்குச் செலவு செய்துவிட்டுக் கணக்கு வைக்காமல் விடுவது நம் வீடுகளில் வழக்கம், பிறகு மனக்கசப்பு வருவதும் அதனால்தான்.

அந்த 1961 சீட்டைப் பத்திரமாக வையுங்கள், லேமினேட் செய்துவிடாதீர்கள். பதிவு செய்யாததால் அது பாகப் பத்திரமாக நிற்காது. ஆனால் யார் எந்த அறையை அனுபவித்தார்கள் என்று காட்ட, முத்திரைக் கட்டணமும் அபராதமும் கட்டிய பிறகு கோர்ட் அதைப் பார்க்க வழி உண்டு.

நோன்பு

பிள்ளையார் நோன்பு திருக்கார்த்திகையிலிருந்து 21-ம் நாள். கடிதம் இந்த வாரம் போய், பத்து நாள் கெடு முடிந்து வேலை தொடங்கினால், ஐப்பசி மழை நடுவே ஓடு பிரிக்க வேண்டியிருக்கும். அதனால் மூலையை இப்போதே கனமான தார்ப்பாய் போட்டு மூடிவிடுங்கள், மழை விட்ட இடைவெளியில் பகுதி பகுதியாகப் பிரித்து மேயச் சொல்லுங்கள். சுவர் அன்றைக்கும் பொரிந்தபடிதான் இருக்கும். அந்தப் பக்கம் போகாமல் எதிர்ப் பட்டாலையில் (கூடத்தில்) பிள்ளையாரை வைத்து இழை எடுக்கலாம்.

எட்டுக் குடும்பத்துக்கும் சொல்லி அனுப்புங்கள், சென்னைக்கும். வருகிறவர்கள் மாவு சாப்பிட்டு முடித்ததும் கணக்கு நோட்டை நடுவில் வையுங்கள். வருடா வருடம் ஆவணியில் ஓடு பார்க்கவும் ஜலதாரை எடுக்கவும் குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, இருப்பவர்கள் கையெழுத்துப் போட்டால் போதும். பாத்தியதை எதையும் அதில் தொடாதீர்கள், அது வெறும் பராமரிப்பு ஏற்பாடாகவே இருக்கட்டும். அப்படி எழுதினால் பதிவும் தேவைப்படாது. கொழுந்தனார் அன்று வராவிட்டால் அதன் நகலையும், புதிதாக மேய்ந்த மூலையின் போட்டோவையும் அவருக்குத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.